வைட்ஃபீல்ட் பாறையும் அதன் நீரும்

பெங்களூரிலிருந்து கிழக்கே சோலையார்பேட்டையை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், நகரத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருப்பது வைட்ஃபீல்ட். 1882ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார், ஆங்கிலோ-இந்தியர் சங்கத்தாருக்கு வேளாண்மைக் குடியேற்றங்கள் அமைத்துக்கொள்ளும் பொருட்டு 3,900 ஏக்கர் நிலம் அளித்தார். அச்சங்கத்தை நடத்திவந்த டி. எஸ். ஒயிட் என்பாரின் பெயரால் ஊர் விளங்கலாயிற்று. வெட்டுக் கிணறுகளும், அவ்வட்டாரத்துக் குடியானவர் முன்பே கட்டியிருந்த ஏரிகளுமே நெடுங்காலம் அங்குள்ளோரின் நீர்த்தேவையை நிறைவு செய்துவந்தன. 1990களில் கணிப்பொறித் தொழில் நிலையங்கள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்தன, கிணறுகள் தூர்ந்தன, ‘போர்’ என்று மக்கள் வழங்கும் துளைக்கிணறுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

2024ஆம் ஆண்டுக் கோடையில் வைட்ஃபீல்ட் வட்டாரத்துக் குடியிருப்புகளின் வாயில்களில் தண்ணீர் லாரிகளுக்காக மக்கள் காத்திருந்தனர். பெங்களூர் மாநகரத்தின் ஏறத்தாழ 14,000 அரசுத் துளைக்கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார். முந்திய ஆண்டு மழை பொய்த்ததே காரணம் என்று பலரும் கூறினர். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. பெங்களூரின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். இது கோயம்புத்தூர் பெறும் மழையைவிட மிகுதி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டிலும் அவ்வூருக்குப் பங்குண்டு. இவ்வளவு மழை பெறும் நிலம் ஓராண்டு மழைக் குறைவைத் தாங்கமாட்டாமற் போவானேன்? இவ்வினாவிற்கு விடை வானத்தில் இல்லை, காலடியில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியும் இதே வகைப் பாறையின்மீது அமைந்திருப்பதால், வைட்ஃபீல்டுக்கு நேர்ந்தது தருமபுரிக்கும் சேலத்திற்கும் திண்டுக்கல்லுக்கும் அயலான செய்தியன்று.

முந்நூறு கோடி ஆண்டுப் பாறை

பெங்களூர்ப் பீடபூமி கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் அடித்தளமாகிய பாறைக்கு ‘தீபகற்ப நைஸ்’ என்று பெயர். மைசூர் அரசின் நிலவியல் துறையைச் சேர்ந்த டபிள்யூ. எஃப். ஸ்மீத் என்பவர் 1916இல் இப்பெயரை இட்டார். கருப்பும் வெளுப்புமான பட்டைகள் மாறிமாறி ஓடும் இப்பாறையைக் கட்டடக் கல்லாகவும் அம்மிக் கல்லாகவும் காணாதார் இலர். வெளுத்த பட்டையில் இருப்பவை குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லும் பெல்ஸ்பாரும்; கருத்த பட்டையில் மிகுந்திருப்பது அப்பிரகம். பெங்களூர் லால்பாக் தோட்டத்தில், கெம்பே கௌடரின் பெயர்கொண்ட கோபுரம் நிற்கும் குன்று இப்பாறையே. இந்திய நிலவியல் அளவைத் துறை அக்குன்றைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகப் போற்றுகிறது. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள்.

இவ்வயதை எங்ஙனம் அறிந்தனர் என்று மாணவர் கேட்பது இயல்பு. பாறைக் குழம்பு குளிர்ந்து உறையும்போது ஜிர்கான் என்னும் மிகச் சிறிய படிகங்கள் அதில் உண்டாகின்றன. இப்படிகம் யுரேனியம் அணுக்களைத் தன்னுள் ஏற்கும். ஈய அணுக்களை ஏற்பதில்லை. ஆனால் யுரேனியம் ஒரே சீராகச் சிதைந்து ஈயமாக மாறிக்கொண்டே இருப்பது. யுரேனியம்-238 பாதியாகக் குறைவதற்கு 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே இன்று ஒரு ஜிர்கான் படிகத்தில் காணும் ஈயத்தையும் எஞ்சியுள்ள யுரேனியத்தையும் அளந்தால், படிகம் பிறந்த காலம் கணக்கில் வந்துவிடும்.

முந்நூறு கோடி என்னும் எண் மனத்தில் பதிவதரிது. பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள். பக்கத்திற்கு ஒரு கோடி ஆண்டு வீதம் 454 பக்கமுள்ள ஒரு நூலாக அதனைக் கருதலாம். பெங்களூர்ப் பாறை 154ஆம் பக்கத்தில் தோன்றிவிடுகிறது. இந்திய நிலப்பகுதி ஆசியாவின்மீது மோதி இமயம் எழத் தொடங்குவது 449ஆம் பக்கத்தையொட்டி. மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டு வரலாறு கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் அடங்கும். அந்த 3,900 ஏக்கர் நன்கொடை அவ்வரியின் இறுதிப் புள்ளிக்கும் பெரிதாகாது.

வயதைக் காட்டிலும் நீருக்கு நெருங்கிய செய்தி, பாறை பிறந்த இடமே. நைஸ் நிலத்தின் மேற்பரப்பில் உண்டானதன்று. பல கிலோமீட்டர் ஆழத்தில், மிகுந்த உஷ்ணத்திலும் அமுக்கத்திலும் வெந்து, மடிந்து, பிசையப்பட்டு உருவானது. அதன்மேற் கிடந்த பாறைகள் யாவும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிப்புண்டு கடலுக்குச் சென்றுவிட்டமையால்தான் இன்று அது வெளியே தெரிகிறது. அவ்வளவு அமுக்கத்திற்கு உட்பட்ட பாறையில் மணிக்கும் மணிக்கும் இடையே வெற்றிடம் எஞ்சுவதில்லை. புதிய கருங்கல் துண்டொன்றைத் தண்ணீரில் ஊறவைத்து நிறுத்துப் பார்ப்பின், எடை கூடுவது அரிதாகவே தெரியும். செங்கல்லை அவ்வாறு செய்யின் எடை நன்றாகக் கூடும். வகுப்பறையிலேயே செய்து காட்டத்தக்க இச்சோதனைக்கு ஒரு தராசும் ஒரு வாளியும் போதும்.

நீர் தங்கும் இடம்

அங்ஙனமாயின் கிணற்றில் நீர் ஊறுவது எவ்வாறு? மேலே கிடந்த சுமை நீங்கியபோது பாறை சற்றே விரிந்தது; விரிந்ததனால் நிலமட்டத்திற்கு ஏறக்குறைய இணையாக வெடிப்புகள் விழுந்தன. லால்பாக் குன்றில் வெங்காயத் தோல்போலப் பாறை அடுக்கடுக்காகக் கழல்வதை இன்றும் காணலாம். பூமியோட்டின் அசைவுகளால் நேர்ந்த செங்குத்து வெடிப்புகளும் உண்டு. இவ்வழிகளில் மழைநீர் இறங்கிற்று. மண்ணிலுள்ள கரியமில வாயு கலந்த நீர் சிறிது அமிலத் தன்மை உடையது. அது பெல்ஸ்பாரைத் தாக்கிக் களிமண்ணாக்கிற்று. குவார்ட்ஸ் மாறாமல் மணலாக நின்றது. அப்பிரகத்திலிருந்த இரும்பு துருவேறிச் செம்மண்ணிற்கு நிறம் தந்தது. இவ்வாறு நெடுங்காலம் சிதைந்த பாறையே இன்று மேற்போர்வையாக உள்ளது. இடத்திற்கு இடம் அதன் கனம் வேறுபடும். ஓரிடத்தில் சில மீட்டர், வேறோரிடத்தில் சில பத்து மீட்டர்.

கிணறு வெட்டுவோர் இவ்வடுக்குகளை நன்கு அறிவர். முதலில் செம்மண், அடுத்து மொரம்பு, பின்னர் கைக்கோடரிக்கு உதிரும் சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிவைத்தாலன்றி அசையாத கருங்கல். ஊற்றுக்கண் பெரும்பாலும் மூன்றாம் அடுக்கின் அடியிலோ, கருங்கல்லின் முதல் வெடிப்புகளிலோதான் திறக்கும். பெங்களூர்ப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கிணறு தோண்டிவரும் மண்ணு வட்டர் மக்கள் இவ்வறிவை ஏட்டில் எழுதிவைக்கவில்லை. எனினும் அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் களப்பணியாளருக்கு நிலப்படக் குறிப்புகள் பாதி ஆயத்தமாகிவிடும்.

இந்தப் போர்வை எவ்வளவு நீரைக் கொள்ளும் என்பதே முக்கியமான கேள்வி. நிலத்தடி நீர் வளத்தைக் கணிப்பதற்காக 1997இல் மத்திய அரசின் மதிப்பீட்டுக் குழு வகுத்த அளவுகளின்படி, களிமண் குறைந்த சிதைந்த நைஸ் பாறை தன் கனஅளவில் நூற்றுக்கு 3 பங்கு நீரையே கிணற்றுக்கு விடும். களிமண் மிகுந்திருப்பின் நூற்றுக்கு ஒன்றரைதான். ஆற்று வண்டலில் மணற்பாங்கான இடம் நூற்றுக்கு 16 வரை விடும். மழையில் நிலத்திற்குள் இறங்கும் பங்கும் அவ்வாறே. கிழக்குக் கடற்கரை வண்டலில் அது நூற்றுக்கு 16. சிதைந்த நைஸ் நிலத்தில் 8 முதல் 11 வரையே.

இவ்வெண்களைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். 970 மில்லிமீட்டர் மழையில் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர், அதாவது நான்கு விரற்கடை அளவு நீர், வைட்ஃபீல்ட் நிலத்துள் இறங்குவதாகக் கொள்வோம். கொள்ளிடம் நூற்றுக்கு மூன்றாதலால், கிணற்றில் நீர்மட்டம் 3.3 மீட்டர் உயரும். அதே அளவு நீர் தஞ்சை வண்டலில் இறங்கினால் மட்டம் அறுபது சென்டிமீட்டர்தான் உயரும். மழைக்குப் பின் பாறை நிலத்துக் கிணறு மளமளவென்று நிறைவதைக் கண்டு மகிழ்பவர், அது செல்வத்தின் அடையாளமன்று, பாத்திரம் சிறியது என்பதன் அடையாளம் என்று உணர்வதில்லை. எவ்வளவு விரைவாக ஏறுமோ அவ்வளவு விரைவாகவே அது இறங்கவும் செய்யும்.

கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுசெல்லலாம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதில் 100 மில்லிமீட்டர் நீர் இறங்கின் ஆண்டிற்கு ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் சேரும். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் திட்ட அளவு. ஆண்டிற்கு 49,275 லிட்டர். ஆகவே ஓர் ஏக்கர் நிலம் தன் இயற்கை நீரைக்கொண்டு தாங்கக்கூடிய மக்கள் எட்டுப் பேர். 1882இல் அளித்த 3,900 ஏக்கரையும் சேர்த்தால் 31,200 பேர். அதுவும், பயிருக்கு ஒரு சொட்டும் விடாமல், ஓடைக்கும் ஏரிக்கும் ஒன்றும் கசியாமல், இறங்கிய நீர் முழுவதையும் எடுத்துக்கொண்டால்தான். இன்று ஓர் ஏக்கரில் எழும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றிலேயே சில நூறு பேர் வாழ்கின்றனர். மேலும், கூரையும் சிமெண்டுத் தளமும் மூடிய ஏக்கரில் அந்த நான்கு விரற்கடை நீரும் இறங்குவதில்லை.

எனவே, மழை பொய்த்தமையால் கிணறு வற்றியது என்பதைவிட, எட்டுப் பேருக்கான பாத்திரத்தில் நூற்றுக்கணக்கானவர் மொண்டமையால் வற்றியது என்பதே பொருத்தமாகும். மழைக் குறைவு அதைச் சற்று முன்னதாக வெளிக்காட்டியது, அவ்வளவே.

மட்டம் இறங்க இறங்க மேலும் ஆழமாகத் துளையிடுவது வழக்கமாயிற்று. இப்போது அவ்வட்டாரத்தில் 1,000 அடிக்கு மேல் துளையிடுவது வியப்பன்று. ஆழத்தில் அமுக்கம் மிகுவதனால் வெடிப்புகள் குறுகும், எண்ணிக்கையிலும் குறையும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் எப்போதோ இறங்கிய நீர். ஒருமுறை இறைத்தால் மீண்டும் சேர நெடுங்காலம் ஆகும். துளைக்கிணறு ஒன்றில் நல்ல வெடிப்பு அகப்பட்டு, பத்தடி தள்ளி இடப்பட்ட துளை வறண்டு போவதும் இதனாலேயே. நிலத்தடியில் ஆறு ஓடுகிறது என்று கூறித் தேங்காயைக் கையில் ஏந்தி இடம் குறிப்பவர் இன்றும் உளர். நைஸ் பாறையில் ஆறு ஓட வழியில்லை.

ஆழத்து நீருக்கு வேறொரு குறையும் உண்டு. பாறையோடு நெடுநாள் ஒட்டிக் கிடப்பதால், அப்பிரகம் முதலிய கனிமங்களிலுள்ள ஃபுளோரைடு அதில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது இந்திய அளவு முறை. கோலார் மாவட்டத்திலும், எல்லைக்கு இப்பால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் பல ஊர்க் கிணறுகள் இவ்வளவைக் கடந்தமையால், பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. முதியோரின் எலும்புகள் விறைத்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இவ்விரு மாவட்டங்களுக்கும் வகுக்கப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

நீர் ஓடும் திசை

பெங்களூர் நகரம் ஒரு மேட்டின்மீது அமைந்தது. அம்மேட்டின் மேற்குச் சரிவில் விழும் மழை அர்க்காவதி வழியாகக் காவிரியை அடையும். கிழக்குச் சரிவில் விழுவது தட்சிணப் பினாகினியை அடையும். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஹோஸ்கோட்டை வழியாக வைட்ஃபீல்டுக்குக் கிழக்கே ஓடும் இவ்வாறே தமிழ்நாட்டில் நுழைந்ததும் தென்பெண்ணை என்று பெயர் பெறுகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, 1958இல் முடிவுற்ற சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து கடலூரில் அது கடலில் சேர்கிறது. ஒரே ஆற்றின் இரு கோடிகளில் நிலத்தின் இயல்பு முற்றும் மாறியிருப்பதை ஆசிரியர்கள் படத்தில் காட்டலாம். மேற்கோடியில் 1,000 அடி துளைத்தும் நீர் காணாத வைட்ஃபீல்ட். கீழ்க்கோடியில், கடலூர் மாவட்டத்து நெய்வேலி. அங்கே மணற்பாறை அடுக்குகளில் அமுக்கத்துடன் அடைபட்டுள்ள நீரை இடைவிடாது இறைத்தாலன்றிப் பழுப்பு நிலக்கரியை வெட்ட இயலாது. மழையின் வேறுபாட்டைவிடப் பாறையின் வேறுபாடே இதற்குப் பெருங்காரணம்.

மேட்டின் கிழக்குச் சரிவில் முன்னோர் ஏரிகளைச் சங்கிலிபோல் அமைத்தனர். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும். பெல்லந்தூர் ஏரி வழிந்து வர்த்தூர் ஏரிக்கும், வர்த்தூர் வழிந்து தட்சிணப் பினாகினிக்கும் செல்கின்றன. பாறையில் கொள்ளிடம் இல்லாத நாட்டில் நீரை நிலத்தின்மேல் நிறுத்தி, சிதைந்த போர்வைக்குள் மெல்ல இறங்கச் செய்வதே அறிவு; நிலநூலைக் கல்லாத அக்குடியானவர் அதை ஐயமறத் தெரிந்திருந்தனர். பின்னாளில் அவ்வேரிகளில் சேர்ந்தது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீர். பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் 2018இலும் தீப்பற்றி எரிந்தது உலகறிந்த செய்தி. வர்த்தூர் மதகில் பொங்கிய நுரை சாலையில் பறந்தது. கெலவரப்பள்ளி அணையிலும் நுரை மிதப்பது மழைக்காலந்தோறும் ஓசூர் வட்டாரத்து உழவர்களின் முறையீடு.

இதில் ஒரு விந்தையும் உண்டு. பெங்களூர் பருகுவது ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏற்றப்படும் காவிரி நீர். 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டரை நகரின் புறப்பகுதிகளுக்கென்று கொணர்வது. நகரின் கிழக்குப் பாதியில் பயன்பட்ட பின் இந்நீர் காவிரிக்குத் திரும்புவதில்லை; கழிவாகித் தென்பெண்ணையில் விழுகிறது. மனிதர் அறியாமலே இரு ஆறுகளை இணைத்துவிட்டனர். குழாய்களின் கசிவால் நகரின் நடுப்பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தே இருப்பதையும், காவிரிக் குழாய் சேராமல் துளைக்கிணறுகளையே நம்பிய விளிம்புப் பகுதிகளில் அது ஆழ்ந்து கிடப்பதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். வைட்ஃபீல்ட் அவ்விளிம்பைச் சேர்ந்தது.

கழிவுநீரையே சுத்தி செய்து பயன்கொள்ளும் முயற்சியும் இங்கே தொடங்கியது. கோரமங்கலா-செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின்படி, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை சுத்திகரித்த நீரைக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு ஏற்றி நிலத்தடி நீரைப் பெருக்குவது நோக்கம். 2018 ஜூனில் முதல் நீர் அங்குச் சென்றது. நீரின் தூய்மை குறித்து வழக்குகள் எழுந்தன. இடைக்காலத் தடைகளும் வந்து நீங்கின. வறண்ட ஏரிகள் நிறைந்ததும், அருகிலுள்ள கிணறுகளில் நீர் ஏறியதும் மெய்யே. ஆயினும் சிதைந்த பாறைப் போர்வை நல்ல வடிகட்டியாக இருப்பினும், உலோக நச்சுகளையும் இரசாயனப் பொருள்களையும் முற்றிலும் தடுத்துவிடும் என்று நம்பிவிடுதல் தகாது. நீரின் அளவைப் போலவே அதன் தன்மையையும் இடையறாது சோதித்தல் இன்றியமையாதது.

கூரைமீது விழும் மழையோ இவ்வையங்களுக்கு இடமற்றது. 970 மில்லிமீட்டர் மழையில் ஓர் ஏக்கர் பரப்பின்மீது விழுவது ஏறத்தாழ 39 லட்சம் லிட்டர். இதில் பாதியைச் சேமித்தோ நிலத்துள் இறக்கியோ காத்துக்கொண்டால், எட்டுப் பேருக்குப் பதிலாக நாற்பது பேருக்குப் போதும். நூற்றுக்கணக்கானவர்க்குப் போதாதெனினும் ஐந்து மடங்கு என்பது சிறிதன்று. பெங்களூர்க் குடிநீர் வாரியச் சட்டம் 2009இல் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட பரப்பிற்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மழைநீரை இறக்கும் கிணறு சிதைந்த பாறை அடுக்கை எட்டுதல் வேண்டும். களிமண்ணோடு நின்றுவிட்டால் அது குட்டையாகத் தேங்குமேயன்றிக் கீழே இறங்காது.

பள்ளியிலோ அருகிலோ வெட்டுக் கிணறு ஒன்று இருப்பின், ஆசிரியர்கள் மேற்கண்டவற்றை எண்களாகவே மாணவர்க்குக் காட்டலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் நோக்குக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. அவற்றுள் மழைக்கு முந்திய அளவும் நவம்பர் அளவும் தலையாயவை. கிணற்று விளிம்பில் ஓரிடத்தில் நிலையான அடையாளம் இட்டு, அதிலிருந்து நீர்மட்டம் வரை, முனையில் சிறு எடை கட்டிய அளவுநாடாவால் மாதந்தோறும் ஒரே தேதியில் அளக்கவேண்டும். அதனுடன் அம்மாத மழையளவையும் ஒரே தாளில் வரைந்துவந்தால், மழை வந்த எத்தனை நாளில் நீர் ஏறுகிறது, எந்த மாதம் முதல் இறங்குகிறது என்பன தெரியும். மே மாதத்திற்கும் நவம்பருக்கும் இடைப்பட்ட ஏற்றத்தை மீட்டரில் கண்டு, மூன்றால் பெருக்கி நூறால் வகுத்தால், அவ்வூர் நிலத்தில் தங்கிய மழை ஏறத்தாழ எத்தனை மீட்டர் கனம் என்பது கிடைக்கும். அளப்பதற்கு முன் அன்று காலையில் மோட்டார் ஓடியதா என்று கேட்டறிதல் வேண்டும். ஓடியிருப்பின், கிணறு மீண்டும் ஊறி மட்டம் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து அளப்பதே முறை.